காறை

ஜாடி எண் முப்பத்தொன்று. ஏழாவது வாரம்.
கிளிசரின் மட்டம் பார்ப்பதும்
மூடி மெழுகில் விரிசல் விழுந்தால்
சூடுகாட்டி அடைப்பதும் என் வேலை.

காரத்தில் ஊறி ஊறிச் சதையெல்லாம் கண்ணாடி.
எலும்பை மட்டும் பிடித்துக்கொள்ளும் சாயத்தில்
கழுத்துக்குக் கீழே இரண்டு கீற்று,
யாரோ குங்கும விரலைத் துடைத்ததுபோல.
தாடையோரம் ஒரு பொட்டு,
சிவப்புதானா என்று சொல்ல முடியவில்லை.
மற்றபடி ஒன்றுமில்லை.

விலா, முதுகு, தொடை எல்லாம்
குருத்தெலும்பில் மாதிரி செய்து பார்த்து
அப்புறம்தான் சுண்ணாம்பு கேட்கும்.
காறை எலும்பு காத்திருக்காது.
வெறும் சவ்வில் இரண்டு புள்ளி வைத்து
இணைத்துவிடும்.

தோள்பட்டை அப்போது கழுத்தோரம் இருக்கும்,
எதையோ ஒட்டுக்கேட்கிற மாதிரி.
பிறகு வாரக்கணக்கில் முதுகில் இறங்கும்.
செல்லூரில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு
ஒரு பக்கம் இறங்கவே இல்லை.
பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பட்டப்பெயர்
'எனக்கென்ன தெரியும்'.

சோணைமுத்துவுக்கு மாசி வந்தால் இருபத்து நாலு.
கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை.
தோளில் விழும்போது 'ம்' என்பான்,
வேறெதுவும் சொல்ல மாட்டான்.
நேற்று ராத்திரி அவன் கழுத்துக்குழி ஓரம்
விரல் வைத்துப் பார்த்தேன்.
முதலில் தொடங்கிய இந்த எலும்பு
கடைசியில்தான் முடியும்.
இந்த முனை ஒட்ட
இருபத்தஞ்சு தாண்டினாலும் தாண்டும்.

"உனக்கு இன்னும் கட்டி முடிக்கல."
"ஏன், கொத்தனார் அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிட்டானா?"
சிரிக்கும்போது எலும்பு
என் விரலடியில் ஏறி இறங்கியது.

அம்மா போட்ட காறை
தெற்காவணி மூல வீதியில் அடகில் இருக்கிறது.
ரசீது ரேஷன் கார்டுக்குள்.
கழுத்தில் போடுவதற்கும் உள்ளே இருப்பதற்கும்
ஒரே பேர் வைத்தவர்கள்
இரண்டையும் ஒரு கையால் தடவிப் பார்த்திருப்பார்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஜாடியைத் தூக்கிப் பிடித்தேன்.
கை இன்னும் துடுப்பு.
பிடிக்க விரல் பிரியவில்லை,
அதற்குள் சுமக்க ஏற்பாடு.

காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், இரண்டு தரம்.
வியாழனோடு எனக்கும் ஏழு.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜாடியைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன்.
மனசு கேட்காமல் மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன்.

மதியம் போன் செய்தான்.
நாசிக் லோடு லேட்டு, நூற்றிருபது மூட்டை,
வீடு வர ஒன்பதாகும், நீ சாப்பிட்டுரு.
சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் யாரோ அவனைக் கத்திக் கூப்பிட்டார்கள்.

'ம்' என்றேன்,
மூட்டை வாங்கும்போது அவன் சொல்வானே,
அப்படி.