பயனிலை

மேயர் ஒக்தாவ் மெர்சோல் பேசினால்
வினைச்சொல் கடைசி வண்டியில்தான் வரும்.
பிரா-பனோன் நகரமன்றத்தில்
பதினேழு உறுப்பினர்கள், ஒரு மின்விசிறி,
சுருக்கெழுத்துக்கு நான்:
ரேமோன் சுக்ரமணியேன்.
கப்பல் இறங்கிய நாளில் பதிவேட்டுக்காரன் பேனாவில்
ஒரு 'ப்' போய் ஒரு 'க்' வந்த வம்சம்.

பிரெஞ்சில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.
யார், என்ன செய்தார், பிறகுதான் எதை.
இவரோ சேன்-தெனி லிசேயில்
பன்னிரண்டு வருடம் ஜெர்மன் நடத்தியவர்.
களைத்துவிட்டால் பிரெஞ்சுச் சொற்கள்
ஜெர்மன் வரிசையில் போய் நிற்கும்.

"வனிலாத் தோட்டத்துக்குப் போகும் பாலத்தை,
புயல் கொண்டுபோன அந்தப் பாலத்தை,
அடுத்த மழைக்கு முன்னால், கடன் வாங்கியாவது, நாம்..."
பதினேழு தலைகளும் முன்னால் சாயும்.
நடுவில் ஒரு தும்மல் வேறு.
"...கட்டுகிறோம்."
கைதட்டல்.
கட்டி முடித்தது மூன்று மழை கழித்து.

போரைப் பற்றி ஒரே ஒருமுறை சொன்னார்,
வாக்காளர் பட்டியலில் இறந்தவர்களை
நான் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்த மாலையில்.
நாற்பதில் பிடிபட்டவர். ஐந்து குளிர்காலம் முள்வேலிக்குள்.
ஜெர்மன் தெரிந்ததால் மொழிபெயர்ப்பு வேலை.

"பனி. வரிசையில் நாற்பது பேர். அதிகாரி வாசிக்கிறான்:
'இந்த நாற்பது பேரையும் நாளை ஆறு மணிக்கு
வடக்குச் சுவரருகே நிறுத்தி, ஆளுக்கொரு...'
தாளைத் திருப்புகிறான். ஒட்டிக்கொண்டிருக்கிறது.
எச்சில் தொட்டுத் திருப்புகிறான்.
நாற்பது பேரும் அவனைப் பார்க்கவில்லை ரேமோன்,
என் வாயைப் பார்த்தார்கள்.
என்னிடம் வினைச்சொல் இல்லை.
பின்பக்கத்தில் இருந்தது:
'...துடைப்பம் கொடுக்க வேண்டும்.'"

சிரித்தார். நானும்.
பட்டியலில் மூன்று பேரை அடிக்காமல் விடும்படி
எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.
சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

ஒரு ஜனவரியில் தீமிதிக்கு வந்தார்.
மேயர்கள் வருவார்கள், மாலை போட்டுக்கொள்வார்கள், போவார்கள்.
இவர் பூசாரியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதில் வினை எங்கே நிற்கிறது?"
எனக்கென்ன தெரியும்?
சத்தம் தெரியும், சாமி தெரியும், சொல் தெரியாது.
பூசாரியைக் குடைந்து சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டு
சாம்பல் படிந்த சப்பாத்தோடு ஓடிவந்தார்:
"உங்கள் மொழியும் கடைசிவரை காக்கவைக்கிறது!
ஜெர்மனைவிட மோசம்!"
எந்தத் தேர்தல் வெற்றியிலும்
அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

தேர்தல் என்றதும் நான்காம் எண் பெட்டி.
வாக்களித்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
உள்ளே இருந்த சீட்டுகள் முந்நூற்று நாற்பது.
வென்றார். பாலத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

கடைசி வருடம் வீட்டுக்கு அழைத்தார்.
ஆறாயிரம் அகராதி அட்டைகள்,
எல்லாவற்றிலும் கரையான்.
"எழுதிக்கொள், ரேமோன்.
நான்காம் எண் பெட்டியை, வாக்கு முடிந்த இரவில்,
விளக்கு அணைந்திருந்த பத்து நிமிடத்தில்,
நான், என் கையால்..."

மழை ஜன்னலில் அடித்தது. மூடப் போனார்.
திரும்பி வந்து
பாலத்தின் கைப்பிடி துருப்பிடித்ததைப் பற்றிப் பேசினார்.

ஓய்வுக்குப் பின் புதன்கிழமைகளில் தமிழ் வகுப்பு.
காரைக்காலிலிருந்து வந்த ஆசிரியை பலகையில் எழுதினார்:
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.
நான் 'பயன் இலை' என்று பிரித்து வாசித்தேன்.
வகுப்பு சிரித்தது.

அன்றிரவு பழைய நோட்டைத் தேடி எடுத்து
அவர் வாக்கியத்தைத் தமிழில் எழுதினேன்.
ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.
முடிவில் நாலு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன்.
திறந்தேன். நிரப்பினேன். தடுத்தேன்.
எதை வைத்தாலும் இலக்கணம் சரியாக இருக்கிறது.

அதற்குக் கீழே, பிழை குறைவாக,
நானே எழுதிய முதல் தமிழ் வாக்கியம்:

மாடிப்படி ஓரத்தில் இருந்த விளக்குச் சுவிட்சை
அந்த இரவில்
கைக்குட்டை சுற்றிய விரலால்
நான்