பெயர் எழுதாத வாளி

பெயின்ட் வாளிகள். துறைமுகத்தில்
கப்பலுக்கு அடித்துத் தீர்ந்தவை, இருபது லிட்டர்.
துசான் ஆட்டுப்பண்ணையிலிருந்து வரும் வழியில்
ஐந்தை வாங்கிவந்தான். என் மச்சான்
சும்மா கிடைப்பதை விட்டதாகச் சரித்திரமில்லை.

ஏழு பேர், ஒரே குளியலறை.
கதவைத் திறந்தால் துணிமேடு தடுக்கும்.
காலுறைகளை எப்போது எண்ணினாலும் ஒற்றைப்படை.

அன்று ஞாயிறு. புந்தா அரேனாஸில் மழை
மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும்.
வெளியே போக வழியில்லாமல் உட்கார்ந்து
கறுப்பு மையில் எழுதினேன்:
வெள்ளை. நிறம். கம்பளி. துண்டு.
ஐந்தாவதில் பெரிதாக, சால்மன்.
அது எனக்கு மட்டும்.
மீன் ஆலையில் நான் உடுத்துவது
வேறெதோடும் சேரக் கூடாதென்பது
நெவென்கா போட்ட சட்டம்.
அந்த வாளிக்கு இடம் பின்கதவுக்கு வெளியே.

நான்கு நாள் நின்றது ஒழுங்கு.
ஐந்தாம் நாள் இரட்டையர்
பூனையைத் தூக்கி ‘நிறம்’ வாளிக்குள் போட்டார்கள்.
செம்பழுப்புப் பூனை.
தப்புச் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒரு விடியலில்
என் மீன் உடுப்புகளுக்கு அடியில்
ஒரு படுக்கைவிரிப்பு,
சப்பாத்திமாவு போலல்ல, கல் போல இறுக்கிச் சுருட்டி.
விரித்தேன். நடுவில் ஈர வட்டம்.
லௌதாரோவுக்குப் பத்து வயது.
இந்த வாளியை அப்பா தவிர யார் திறப்பார்,
மீன் நாற்றம் எந்த நாற்றத்தையும் விழுங்கும் என்று
இருட்டில் நின்று கணக்குப் போட்டிருக்கிறான்.
கணக்கில் அவன் எப்போதும் மோசம் என்கிறாள் டீச்சர்.

துவைத்தேன். நீரிணையிலிருந்து வரும் காற்று
பத்தே நிமிடத்தில் காயவைத்துத் தந்தது.
அவன் எழுவதற்குள் அலமாரியில் மடித்திருந்தது.

ஆறாவது வாளியை நானே போய்க் கேட்டுவாங்கினேன்,
மூடி உள்ளதாகப் பார்த்து.
எதுவும் எழுதவில்லை.
இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்:
இதில் கிடப்பதை யார் வேண்டுமானாலும் துவைக்கலாம்,
யாரும் எதுவும் கேட்கக் கூடாது.
“பூனை?” என்றார்கள் இரட்டையர்.
பூனை கூடாது.

அழுக்கை வீட்டுக்குள்ளேயே துவை என்பது இந்த ஊர்ப் பழமொழி.
வீட்டுக்குள் எத்தனை வீடு என்று அது சொல்வதில்லை.

இவானியாவின் ஜீன்ஸ் வந்தது, மூன்று மடிப்பு செய்தித்தாளில்.
துசானின் ஒரே நல்ல சட்டை வந்தது,
தோளில் யாருடைய வாந்தியோ, அவனுடையதோ.
நெவென்காவின் பேருந்துச் சீருடை வந்தது.
மார்ச்சில் விட்டுவிட்ட சிகரெட் அதில் மணத்தது,
பையில் இரண்டு தீக்குச்சி.
குச்சிகளை அடுப்பருகே வைத்தேன்.
சீருடையை இருமுறை அலசினேன்.

துணி இயந்திரம் கிழடு. சுழலும்போது
அறையைக் கடந்து நடந்துபோகும்.
இரட்டையர் மேலே ஏறி உட்கார்ந்து
கப்பல் ஓட்டுகிறோம் என்பார்கள்.

இப்போது என் முறை.
சென்ற வெள்ளி, எல்லோரும் தூங்கியபின்
மூடியைத் திறந்து ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டேன்.
கழுத்துப்பட்டையில் வியர்வை, ஒரு பொத்தான் தொங்கல்.
மூன்று அலுவலகம் ஏறி இறங்கிய சட்டை.
ஆலையில் நாற்பது பேரை நிறுத்திவிட்டார்கள்
என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை.
பதினாறு நாளாகக் காலையில் கிளம்பி
மாலையில் திரும்பி
சுத்தமான ஆலை உடுப்பைச்
சால்மன் வாளியில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
நாறாத ஒன்றை அந்த வாளியில் போடுவது
எவ்வளவு சத்தமான காரியம் என்று தோன்றவே இல்லை.

திங்கள் காலை குளியலறைக் கதவில்
இஸ்திரி போட்டுத் தொங்கியது சட்டை.
பொத்தான் சிவப்பு நூலில் தைத்திருந்தது, கோணலாக.
நெவென்கா என்றால் வெள்ளை நூல் தேடியிருப்பாள்.
துசானுக்கு ஊசி பிடிக்கத் தெரியும், ஆட்டுக்காயம் தைத்தவன்.
இவானியாவாகவும் இருக்கலாம்.
லௌதாரோ ரொட்டியைக் கடித்தபடி
என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விதி என்னுடையது.
பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.