நாற்பத்தைந்து இறாத்தல்

எட்மன்டனில் ஜனவரி, காலை ஐந்தரை.
பஸ் தரிப்பில் விறைத்த மூக்கு
இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை.
சப்பாத்து உப்பைத் தட்டிவிட்டுக்
கம்பியின் முன்னால் நிற்கிறேன்.

வெறும் கம்பியோடு தொடங்கச் சொன்னார்கள்.
வெறும் என்ற சொல்லுக்கு இங்கே
நாற்பத்தைந்து இறாத்தல்.
பெரிய அரிசிப் பையைவிட ஐந்து கூட.
அரிசியையாவது அணைத்துத் தூக்கலாம்.
இது அணைக்க இடம் கொடாது;
பிடரிக்குக் கீழே எலும்பு தேடி உட்காரும்.

குந்தத் தெரியாதவளா நான்?
மணிக்கணக்காய்க் குந்தி மீன் வெட்டின முழங்கால் இது.
எழும்பும்போது மட்டும்
தோளில் ஒன்றும் ஏறியிருந்ததில்லை.

நாற்பத்தாறு வயது.
ஒன்பது வருடமாய் முதியோர் இல்லத்தில்
கட்டிலிலிருந்து கதிரைக்கு,
கதிரையிலிருந்து கழிப்பறைக்கு,
திரும்பவும் கட்டிலுக்கு
ஆட்களைத் தூக்குகிறவள்.
மிஸஸ் கொவால்ச்சுக் நூற்றுமுப்பது இறாத்தல்,
பயந்த நாட்களில் இருநூறு.
மகன் வருவதாகச் சொன்ன ஞாயிறுகளில்
ஒரு கையால் தூக்கலாம்.

இரும்பு அப்படியில்லை.
நேற்று நாற்பத்தைந்தென்றால் இன்றைக்கும் நாற்பத்தைந்து.
வீட்டு வாடகை கூடினதை
அதற்குள் யாரும் ஏற்றி வைக்கவில்லை.
முதல் கிழமை எனக்குப் பிடித்தது
இந்த ஒன்றுதான்.

மற்றதெல்லாம் நோ.
மூன்றாம் நாள் படியிறங்கினேன்,
பக்கவாட்டில், நண்டு மாதிரி.

கிழமைக்கு ஐந்து இறாத்தல் கூட்டினேன்.
பக்கத்துக்கு இரண்டரை, கைக்குள் அடங்கும் தட்டு.
அதைக் கொழுவும்போது
யாராவது பார்க்கிறார்களோ என்று பார்த்தேன்.
ஒருத்தரும் பார்க்கவில்லை. அதுவும் ஒரு மாதிரித்தான் இருந்தது.

முட்டை ஆறு அவிந்தது. இவர் எண்ணினார்.
"ஆம்பிளை மாதிரி வரப்போறீர்."
"வந்தால் சம்பளம் கூடுமோ?"
பேந்து ஒன்றும் கேட்கவில்லை,
ஒரு முட்டையை எடுத்து
உப்புப் போட்டுச் சாப்பிட்டார்.

மருமகளின் சாமத்தியவீட்டுக்கு
நீல பிளவுஸை எடுத்தால் கை ஏறவில்லை.
உள்ளே தையற்காரி விட்டிருந்தது அரை அங்குலம்.
கொழுப்புக்கென்று விட்டிருப்பாள்.
பிளேட்டால் நூலை அறுத்தேன்,
சதைக்குக் கொடுத்தேன்.

பதினோராம் கிழமை. தொண்ணூற்றைந்து.
இரண்டு தடவை போய் வந்தேன்.
மூன்றாவது போனேன்,
வரவில்லை.
கண்ணாடியில் ஒருத்தி வாயைத் திறந்தபடி
என்னையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள்.
பக்கத்துப் பொடியன், காதில் பஞ்சு மாதிரி ஏதோ செருகியவன்,
"விடுங்கோ, பக்கக் கம்பி பிடிக்கும்" என்ற மாதிரிச் சொன்னான்.

விடுகிறதா?
ஒன்பது வருடத்தில் ஒருத்தரையும் விட்டதில்லை.
நாரி பிடித்துக்கொண்ட நாளிலும் விட்டதில்லை.
அதற்கு முந்தி, ஓடின வருடங்களில்
கையிலிருந்த எதையும்.

விட்டேன்.

மண்டபம் முழுக்க அதிர்ந்தது.
எல்லோரும் ஒருதரம் திரும்பினார்கள்,
பிறகு தங்கள் தங்கள் எண்ணிக்கைக்குப் போனார்கள்.
இரும்புக்கு இடுப்பெலும்பு உடையவில்லை.
விபத்துப் படிவத்தை யாரும் நீட்டவில்லை.
யாருடைய மகளுக்கும்
நான் போன் எடுத்து அழவேண்டியிருக்கவில்லை.
நிலத்தில் இருந்தபடியே சிரிப்பு வந்தது,
தொடையெல்லாம் நடுங்க நடுங்கச் சிரிப்பு.

கொப்பியில் தேதி போட்டு,
95, இரண்டு தடவை.
மூன்றாவது: விழுந்தது
என்று எழுதி, வெட்டிவிட்டு
விழுத்தினேன் என்று எழுதினேன்.

ஆறேமுக்கால் பஸ் போயிருக்கும்.
அடுத்ததுக்கு இருபது நிமிடம்.
பக்கத்துக்கு ஐந்தைக் கழற்றிவிட்டு
இன்னொருக்கால் போய்ப் பார்க்கலாம்.