நூறு கட்டம்

பத்துத்தூண் சந்தில் என் தண்டல்.
எட்டாயிரத்து ஐநூறு கொடுத்தால்
தினம் நூறாக நூறு நாள்.
அட்டையில் நூறு கட்டம்,
கட்டத்துக்கு ஒரு கையெழுத்து.
அரண்மனையில் இந்தப் பக்கம் மிச்சம் பத்துத் தூண்தான்,
அதைச் சுற்றியும் நைட்டி தொங்குகிறது.
ராஜாவுக்கு யார் கடன் கொடுத்திருந்தார்களோ.

அந்த வருடம் ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும்.
வைகையில் மாடு நடந்த தடம்.
பதினாலு மணி நேரம் கரண்ட் இல்லை.
ஓடாத தையல் மெஷின்களுக்கு நடுவே
பேப்பரை மடித்துக் கொசு விரட்டிக்கொண்டிருந்தான் துவாரகநாத்.
மார்கழி இரண்டு. அறுபத்து மூன்றாம் கட்டம்.
"வெள்ளிக்கிழமை உலகம் முடியுதாம்ணே.
மாயன்காரன் கல்லுல எழுதி வச்சிருக்கான்.
மிச்சத்த யாருக்குக் கட்டுறது?"

பேப்பரை வாங்கிப் பிரித்தேன்.
கைவிரல் கால்விரல் சேர்த்து
இருபது இருபதாக எண்ணியிருக்கிறார்கள்.
இருபது நாள் ஒரு மாதம், பதினெட்டு மாதம்,
மிஞ்சுகிற ஐந்து நாளுக்குப் பெயர் கிடையாது,
நல்ல காரியமும் கிடையாது.
ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு சிப்பி.
ஐயாயிரத்துச் சொச்சம் வருடம் ஓடி
வெள்ளியோடு ஒரு சுற்று நிறைகிறது. அவ்வளவுதான்.
"அட்டை முடிஞ்சா அடுத்த அட்டை, தம்பி."
சிரிக்காமல் நூறு கொடுத்தான்.

ராத்திரி தூங்கவிடாதது வேறொரு வரி:
ராஜாக்கள் தேதி செதுக்கி நட்ட கற்கள்
ஊருக்கு ஊர் ஏதோ ஒரு வருடத்தோடு நின்றுபோகின்றன.
மழை பொய்த்ததோ, சண்டையோ.
பிறகு வெறும் கல்.
என் தகரப்பெட்டியில் அப்படி நாற்பது அட்டை.
இருபத்தேழில் நின்ற வளையல் கடை.
எண்பத்தொன்றில் நின்ற செருப்புக்கடை.
தொண்ணூற்றொன்பதில் நின்ற ஒருத்தி;
அவள் ஏன் என்று இன்றுவரை தெரியாது.

வெள்ளியும் கட்டினான்.
சனி விடிந்தது, வழக்கம்போல்.
ஷட்டர் இறங்கியிருந்தது.
மெஷின்கள் எடைக்குப் போய்விட்டதாக டீக்கடையில் சொன்னார்கள்.
அறுபத்தேழு.

பங்குனியில் ஒரு சாயங்காலம், தெப்பக்குளம்.
தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் பையன்கள்
ஸ்டம்ப் நட்டு ஆடினார்கள்.
படிக்கட்டு ஓரம் தள்ளுவண்டி.
கரி அனலை விசிறிக்கொண்டிருந்தவன்
நிமிர்ந்தான். ஓடவில்லை.
பையில் அவன் அட்டை இருந்தது.

கோயில்கள் காடாகிப் போன பிறகும்
அந்த ஜனம் மக்காச்சோளம் விதைப்பதை விடவில்லையாம்,
நாள் எண்ணுகிறவர்கள் மலைப்பக்கம் இன்னும் இருக்கிறார்களாம்.
அதே பேப்பர், கடைசிப் பத்தி, சின்ன எழுத்து.

கதிரைத் திருப்பிப் போட்டான்.
எலுமிச்சை மூடியில் மிளகாயுப்பு தொட்டு
வரிசை வரிசையாகத் தேய்த்தான்.
என்ன விலை என்றேன்.
"இருபது" என்றான், முகம் பார்க்காமல்.
எண்ணிக் கொடுத்தேன்.