ஒன்பது புள்ளி

சித்திரை பிறந்து கச்சான் எழும்பினால்
எங்கள் கொப்பியும் திறக்கும்.
நூற்றியிருபது பக்கச் சீ.ஆர். கொப்பி.
அட்டையில் என் கையெழுத்து:
"பருவப் புள்ளிகள். சண்டை கூடாது."

நிலாவெளிக்கு மேற்கே பற்றைகளுக்கு நடுவில்
ஒரு பழைய ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டில்,
லொறி எஞ்சினில் ஓடும் வின்ச்,
இரண்டு கிளைடர், பதினொரு பேர்.
எனக்குத் தலை சுற்றும், நான் பறப்பதில்லை.
அதனால்தான் கணக்கை என்னிடம் தந்தார்கள்.

விதி எளியது என்றுதான் தொடங்கினோம்.
வானில் நிற்கும் நிமிடத்துக்கு ஒரு புள்ளி.
கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் மேலே போய்த் திரும்பினால் இருபது.
வெள்ளைக் கோட்டுக்குள் இறங்கினால் ஐந்து.
பலகைக் கிளைடர் கிழடு,
அதற்கு ஒன்றுக்கு ஒன்றேகால். மிச்சக் கால் அரை தள்ளுபடி.
பிறகு வின்ச் ஓட்டும் குகதாசன் கேட்டார்:
"செட்டை பிடிச்சு ஓடுறவனுக்கு?"
வைகாசியில் அதற்கு இரண்டு சேர்த்தோம்.
வயலில் இறங்கினவரை
ட்ரெய்லர் கட்டிப்போய் ஏற்றி வந்தால் எட்டு என்று ஆனியில்.
அந்த மாதம் முழுக்க
யாராவது விழமாட்டார்களா என்று
நல்ல மனிதர் பத்துப் பேர் அண்ணாந்து நின்றோம்.

இரண்டு மணிக்குக் கடற்காற்று உள்ளே வரும்.
வந்தால் சூட்டின் ஏணி அறுந்துவிடும்.
அதற்குள் தம்பலகாமம் பக்கம் ஓடிவிட வேண்டும்.
ஜவ்பர் ஓடினான். ஏணி முதலே அறுந்தது.
அறுத்த வயலில் இறங்கி
ஒரு சட்டி எருமைத் தயிரோடு திரும்பி வந்து
தயிருக்கும் புள்ளி கேட்டான்.
மூன்று கொடுத்தோம், சட்டி காலியான பிறகு.

லலிந்த ஒருநாள் செம்பருந்து ஒன்றின் பின்னால் சுற்றிச் சுற்றி
மேகத்தின் அடிவரை ஏறினான்.
இறங்கி வந்து, பாதி அதனுடையது என்றான்.
கடைசி வரியில் எழுதினேன்:
பருந்து, முப்பத்தொன்று.

கிண்ணியாவில் கணிதம் படிப்பிக்கும் பரீனா மிஸ்
நாற்பத்தேழு நிமிடத்துக்கு
"நாப்பத்தாறு போடுங்கோ" என்பார்,
"கடைசி நிமிசம் தரையில உருண்டது."

புரட்டாசியில் கூட்டினேன்.
ஆறு புள்ளியால் ஜவ்பர்.
பரிசு ஓர் அலுமினியக் கேத்தல்.
கைதட்டினோம், படம் எடுத்தோம்,
கிளைடர்களுக்குப் படங்கு போர்த்தினோம்.

ஐப்பசி மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம்
வேலையில்லாமல் கொப்பியைப் புரட்டினேன்.
ஆடி பதினேழு. ஜவ்பர், பலகைக் கிளைடர்,
அறுபத்து மூன்று நிமிடம்.
எழுபத்தெட்டு என்று வரவேண்டிய இடத்தில்
எண்பத்தேழு நிற்கிறது.
எட்டும் ஏழும் இடம் மாறி நின்று
இவ்வளவு நாள் என்னைப் பார்த்திருக்கின்றன.

இரவு நித்திரை இல்லை.
விடிந்ததும் குடையோடு கிண்ணியாப் பாலம் கடந்து போய்
மிஸ்ஸிடம் சொன்னேன்.
"தெரியும்," என்றார். கையில் திருத்தாத பரீட்சைத் தாள்கள்.
"கேத்தல் குடுத்த அண்டைக்கே கூட்டிப் பாத்தனான்."
ஏன் சொல்லவில்லை?
ஒரு தாளில் சிவப்புச் சரி போட்டார். இன்னொன்றில் போட்டார்.
"அவன் அண்டைக்குக் கடலுக்கு மேல போய்
சாமி மலையைப் பாத்துத் திரும்பி வந்தவன்.
நான் கீழ நிண்டு பாத்தனான்.
எழுபத்தெட்டு எண்டு சொல்ல வாய் வரல்ல."

ஜவ்பரிடமும் சொன்னேன்.
அவன் கேத்தலைக் கொண்டுவந்து கொட்டிலில் வைத்தான்.
அடி கரி பிடித்திருந்தது, மூடியைக் காணவில்லை.
மிஸ் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.
குகதாசன் அதில் தண்ணீர் சுடவைத்தார்.

புதுக் கொப்பி வாங்கியாயிற்று.
முதல் பக்கத்தில்
"பரீனா: ஒன்பதில் தொடக்கம்" என்று எழுதினேன்.
அடுத்த கிழமை பார்த்தால்
சிவப்பு மையால் வெட்டி, சுழியம்.

எல்லாரும் சுழியம்.
பருந்துக்கு மட்டும் முப்பத்தொன்று
பழைய கொப்பியிலிருந்து அப்படியே கடந்து வந்திருக்கிறது.
யார் எழுதியது என்று தெரியவில்லை.
என் கையெழுத்து இல்லை.