எட்டாவது எழுத்து

கன்டின்யுவல். கன்டின்யுவஸ்.
ஆங்கிலத்தில் ஏழு எழுத்துவரை இரண்டும் ஒரே பாதை,
எட்டாவதில் பிரிகின்றன.
டல்சி மெர்சரின் விரல்
எட்டாவதில் நிற்கிறது.

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரை, நவம்பர்.
விசாரணைக் குறிப்பு காலை ஒன்பதுக்குள்
நீதிபதியின் மேசையில் இருக்க வேண்டும்.
ஒலிப்பதிவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்கிறாள்.
ஆம்ப்ரோஸ் கீப்பிங், அறுபத்தெட்டு வயது,
மூடுபனிச் சங்கின் காவலர்,
தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறார்:
"கன்டின்யுவஸ் ஆக ஊதியது ஐயா, இரவு முழுக்க."

இல்லை.
ஊதியது மூன்று நொடி.
பிறகு ஐம்பத்தேழு நொடி சும்மா.
பிறகு மூன்று.
எந்திரத்தின் அட்டவணை ஆவணம் பன்னிரண்டில் இருக்கிறது.
விட்டு விட்டு ஊதினால் சொல் ல்-இல் முடியும்,
விடாமல் ஊதினால் ஸ்-இல்.

இதெல்லாம் டல்சிக்குத் தூக்கத்திலும் தெரியும்.
கடலில் மீன் அற்றுப்போன ஆண்டு
துறைமுகப் பலகையில் 'லெஸ்' என்றிருந்ததை அடித்து
'ஃபியூவர்' என்று எழுதியவள்.
எண்ணக்கூடியதற்கு ஃபியூவர்.
எண்ண என்ன மிச்சம் என்று
யாரோ அடியில் கிறுக்கிவிட்டுப் போனார்கள்.

அந்த ஸ்-ஐத்தான்
இன்ஷூரன்ஸ் வக்கீல் எழுந்து பிடித்துக்கொண்டார்.
"விடாமல் ஊதிய சங்கு காதில் விழவில்லை என்றால்
அண்ணன் தம்பி இருவரும் செவிடா, போதையா?"
ஹெட்லியின் மனைவி
கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனாள்.
ஒலிப்பதிவில் அது
ஒரு கதவுச் சத்தம்.

'ஐரிஸ் மே' எட்டு நாட் வேகத்தில் வந்தது.
ஐம்பத்தேழு நொடியில் எவ்வளவு தூரம்?
டல்சி பழைய உறையின் பின்பக்கம் கணக்குப் போடுகிறாள்.
இருநூற்று முப்பது மீட்டர், கொஞ்சம் கூடவே.
பாறைக்கு அது தாராளம்.

சாட்சி சொன்னதைச் சொன்னபடி அடி.
வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்திட்ட விதி.
ஒரு ல், யாருக்குத் தெரியப் போகிறது?

இரவு பதினொன்றுக்குத் தொலைபேசியை எடுத்தாள்.
கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாள்.
"ஆம்ப்ரோஸ், நடுவில் நிற்கும் இல்லையா?"
வெகுநேரம் பதில் இல்லை.
"முப்பத்தொரு வருஷமாய் அதன் அடியில் தூங்குகிறேன்.
எனக்கு அது நிற்பதே இல்லை, டல்சி.
பழுதாகி ஓய்ந்த அன்றைக்குத்தான்
திடுக்கிட்டு விழித்தேன்."
பிறகு, வேறு குரலில்,
"அந்தப் பையன்கள்
என் காதை வைத்துக்கொண்டா வந்தார்கள்."

அவர் பின்னால் சங்கு ஊதியது. மூன்று.
இருவரும் பேசவில்லை.
வைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது முப்பதில்.
நாற்பதில் அவர் மூச்சு கேட்டது.
ஐம்பதில் படகு எங்கே இருந்திருக்கும் என்று
நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

ஊதியது.

ஸ் என்றே அடித்தாள்.
அதன் தோளில் ஒரு நட்சத்திரக் குறி.
தாளின் அடியில், சின்ன எழுத்தில்:
காண்க, ஆவணம் பன்னிரண்டு, இடைவெளி 57 நொடி.
எண்ணால் ஒருமுறை.
யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாதென்று
எழுத்தால் ஒருமுறை.