நடுவிரல்

தார்த்துவில் மே மாதம்.
கால்நடை மருத்துவப் பள்ளி
ஊருக்குக் கதவு திறக்கும் சனிக்கிழமை.
கயிற்றைப் பிடித்திருப்பது என் வேலை.
நோகி கறுப்புக் குதிரை.
அதன் இடப்பக்கத்தில் விடியலிலிருந்தே
வெள்ளைச் சாயத்தில் எலும்பு வரைந்தாள் ஊர்வே.
பதினெட்டு விலா. பதினேழாவதில்
ஓர் ஈ உட்கார, தோல் சிலிர்த்து
எலும்புக்கூடு மொத்தமும் ஒருமுறை நடுங்கியது.

"இது முழங்கால்தானே" என்றார் பேருந்து ஓட்டுநர்.
"மணிக்கட்டு."
கூட்டம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
"அப்போ குளம்பு?"
"நகம். காலுக்கு ஒரே விரல்,
அதன் நுனியில்தான் நிற்கிறாள். எந்த விரல்?
ஒவ்வொன்றாய் மடக்குங்கள்."

கட்டைவிரல் போயிற்று, சுண்டுவிரல் போயிற்று,
ஆள்காட்டியும் மோதிரவிரலும்.
எஞ்சியதை வானத்துக்குக் காட்டி நின்றார்கள்
லுத்தரன் பாதிரியார், தள்ளுவண்டித் தாய்,
எங்கள் துறைத்தலைவர்.
பள்ளிப் பையன்கள்தான் முதலில் வெடித்தார்கள்.
பாதிரியாருக்குத் தாமதமாக உறைத்தது;
ஆனாலும் கையை இறக்கவில்லை.

மூன்று மணிக்கு மழை.
விலாக்கள் வயிற்றில் வழிந்தன.
தோள்பட்டை பாலாகி முன்னங்காலில் இறங்கிற்று.
எல்லோரும் கூரைக்கு ஓட
ஓட்டுநர் மட்டும் போகவில்லை.
"மற்ற விரல்கள் என்ன ஆயின?"

சிந்திப்போன வெள்ளைக்குள் என் கையை வைத்துக் காட்டினேன்:
பெரிய எலும்பின் இருபுறமும்
ஈர்க்குச்சிபோல் இரண்டு.
எதையும் தொடாமல் பாதியில் நின்றுவிடும்.
அவர் குந்தி உட்கார்ந்து
ஈரக் காலைத் தடவிக்கொண்டேயிருந்தார்.
நோகி பொறுத்துக்கொண்டாள்.

"இருக்கு" என்றார்,
தொலைத்த சாவி அகப்பட்டவரைப்போல.